அந்த அடியை வெட்டாதீர்கள்: சேலத்து ராக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரிந்திருக்கும். அஸ்தம்பட்டியில் மைக் செட் கடை வைத்திருப்பவன். கல்லூரி ஆண்டு விழாக்களில் உங்கள் கிடாருக்கு லைன் கொடுத்திருக்கிறேன், டிரம்ஸுக்கு மைக் கட்டியிருக்கிறேன், மழை வந்தபோது தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உங்களோடு நின்றிருக்கிறேன். என் அம்மா பிறந்தது ஏற்காட்டைத் தாண்டி, நாகலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில். நாங்கள் மலையாளிப் பழங்குடிகள்; கேரளத்து மலையாளிகள் வேறு.

இந்த வருஷம் மட்டும் மூன்று குழுக்கள் கடைக்கு வந்து ஒரே விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். "அண்ணா, மலைமேல இருக்கற பாட்டுக்காரங்களோட சேர்ந்து ஒரு ராக் பாட்டு பண்ணணும். அவங்க உரிமைக்காக. நீங்கதான் ஆள் சொல்லணும்." கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். எங்கள் மலையைப் பார்க்க வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி தின்று, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். மலையில் இருக்கும் மனிதர்களைப் பற்றி ஒருவர் கேட்பதே பெரிது. இருந்தும் மூன்று பேரிடமும் "பார்க்கலாம் தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. உங்களைப் போலவே நல்ல பிள்ளைகள். பழங்குடி உரிமைக்காக ஒரு கச்சேரி என்றார்கள். என் பெரியம்மாவிடம் கூட்டிப் போனேன். பெரியம்மாவுக்கு அப்போது அறுபது வயசு இருக்கும். எங்கள் ஊரில் அவர் பாடினால் சாமை குத்தும் உலக்கை தானாகத் தாளத்துக்கு விழும். திண்ணையில் உட்கார்ந்து சாமை குத்தும் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். மொத்தம் பதினோரு அடி. உமி பறப்பது வரும், மழை ஏமாற்றுவது வரும், தம்பி கல்யாணத்துக்குச் சேலை வாங்காத அண்ணன் வருவான். எட்டாவது அடியில், விறகுக் கட்டோடு இறங்கி வரும் பெண்ணைக் காவக்காரன் ஒருத்தன் வழிமறிப்பான். கட்டையும் பிடுங்கிக்கொண்டு இடுப்பில் இருந்த அருவாளையும் வாங்கிக்கொள்வான். அது என் பாட்டிக்கு நடந்தது. நடந்த மறுநாள் சாமை குத்தும்போது பாட்டியே சேர்த்த அடி. பெரியம்மா அந்த இடத்தில் மட்டும் உலக்கையைத் தூக்காமல் நிறுத்திப் பாடுவார்.

பிள்ளைகள் அசந்துபோனார்கள். போனில் பதிவு செய்துகொண்டார்கள். கச்சேரிக்குப் பெரியம்மாவோடு இன்னும் ஐந்து பெண்கள், மேளத்துக்கு இரண்டு பேர் என்று முடிவாயிற்று. சவுண்ட் என்னுடையது.

ஒத்திகையில்தான் ஆரம்பித்தது. "அந்த எட்டாவது அடி மட்டும் வேணாம்மா. கூட்டம் ஆடிக்கிட்டு இருக்கும்போது மூடு இறங்கிடும்." பெரியம்மா தலையாட்டினார். பெரிய மேடை, படித்த பிள்ளைகள், அவர்களுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். அடுத்து சுருதி. பெரியம்மா பாடுவது கீழே. கிடாருக்கு வசதி என்று இரண்டு கட்டை ஏற்றினார்கள். அப்புறம் க்ளிக். டிரம்ஸ் வாசித்த தம்பியின் காதில் டிக் டிக் என்று ஓடும் தாளத்துக்குள் பெரியம்மாவின் மூச்சு அடங்கவில்லை. அவர் இழுக்கும் இடத்தில் இவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். "அம்மா, கொஞ்சம் வேகமா" என்றார்கள் நாலைந்து முறை.

மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் நான்கு. நான்கும் குழுவுக்கு. உங்களுக்குத் தெரியும், தனக்கு முன்னால் மானிட்டர் இல்லாதவர் தன் குரலைக் கேட்காமலே பாட வேண்டும். ஆறு பெண்களுக்கும் சேர்த்து ஒரே மைக். மேளம் பின்னால் மூலையில், அதற்கு மைக்கே கிடையாது. மலையில் பனி இறங்கினால் மேளத்தோல் தொய்யும், வைக்கோலைக் கொளுத்திக் காட்டினால்தான் விறைக்கும். அன்று மண்டபத்தில் ஏசி. தோல் தொய்ந்து கிடந்தது, நெருப்புக் காட்ட இடமில்லை. அறிவிப்பாளர் எழுந்து, "கேரளத்திலிருந்து வந்திருக்கும் மலையாளிப் பழங்குடியினர்" என்று அறிமுகம் செய்தார். மண்டபத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலையில் இருந்து வந்தவர்களை!

பாட்டு நன்றாகத்தான் போயிற்று. கூட்டம் ஆடியது. ஒரு சால்வை, ஆளுக்கு 2,000 ரூபாய். வீடியோ வெளியானபோது கீழே குழுவில் இருந்த அத்தனை பேர் பெயரும் இருந்தது. பாட்டுக்கு நேரே "பாரம்பரியப் பாடல்" என்று போட்டிருந்தார்கள்.

ராத்திரி வேனில் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டும் வரை பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, அருவா போனதச் சொல்லாம நான் எதுக்கு அங்க வந்து பாடுனேன்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஒத்திகையில் அந்த அடியை வெட்டியபோது மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அது இன்று வரை உறுத்துகிறது.

தம்பிகளே, தங்கைகளே, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். எங்களுக்காக நீங்கள் நியாயத்தைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அது பாட்டிலேயே இருக்கிறது, எட்டாவது அடியில் இருக்கிறது. உங்கள் கிடாரும் டிரம்ஸும் அந்த அடியைச் சேலம் முழுக்கக் கேட்க வைக்க முடியும்.

அந்த வேன் பயணத்துக்கு அப்புறம்தான் வெளிநாட்டில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். உங்களில் ஒரு தம்பிதான் மிட்நைட் ஆயில் என்ற ஆஸ்திரேலியக் குழுவைக் காட்டிக் கொடுத்தான். அவர்களைத் தேடப் போய் இன்னொரு குழு கிடைத்தது. வாரம்பி பேண்ட். பாலைவனத்தில் பப்புன்யா என்ற ஊரில் பூர்வகுடி இளைஞர்களும் நீல் மர்ரே என்ற வெள்ளைக்காரரும் சேர்ந்து அமைத்த ராக் குழு. 1983-இல் தங்கள் லுரிச்சா மொழியிலேயே ஒரு ராக் பாட்டை வெளியிட்டார்கள். சிறையிலிருந்து வெளியே வருவதைப் பற்றிய பாட்டு. பூர்வகுடி மொழியில் வந்த முதல் ராக் பாட்டு அதுதான். ஆக, ராக்கை அந்த மக்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

1986-இல் மிட்நைட் ஆயில் அந்தக் குழுவோடு சேர்ந்து பாலைவன ஊர்களுக்கெல்லாம் போனது. போய்ப் பார்த்தார்கள், கேட்டார்கள். அடுத்த வருஷம் வந்த அவர்கள் ஆல்பத்தில், சொந்த நிலத்திலிருந்து அகற்றப்பட்ட பிந்துபி மக்களைப் பற்றி ஒரு பாட்டு. இந்த நிலம் அவர்களுடையது, திருப்பிக் கொடுப்போம் என்று நேராகவே சொல்கிற பாட்டு. உலகம் முழுக்க அதற்கு ஆடினார்கள். மூடு இறங்கவில்லை. அங்கே எட்டாவது அடியை யாரும் வெட்டவில்லை. எட்டாவது அடிதான் முழுப் பாட்டே.

2000-இல் சிட்னி ஒலிம்பிக்ஸ் நிறைவு விழா. பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவந்த பிரதமர் ஜான் ஹோவர்ட் அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். மிட்நைட் ஆயில் "மன்னிக்கவும்" என்ற ஒரே சொல்லை அச்சடித்த கறுப்பு உடுப்பில் மேடை ஏறி அதே பாட்டைப் பாடினார்கள். அரசாங்கத்தின் மன்னிப்பு 2008 பிப்ரவரி 13-இல்தான் வந்தது, வேறொரு பிரதமர் கெவின் ரட் வாயால்.

யோத்து யிந்தி குழுவின் கதையும் கேளுங்கள். அதன் பாடகர் மண்டாவுய் யுனுப்பிங்கு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1988-இல் பிரதமர் பாப் ஹாக் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் போடுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்கு காற்றோடு போனது. 1991-இல் அதையே பாட்டாக்கினார்கள், பால் கெல்லி என்ற வெள்ளைக்காரப் பாடகரும் கூட உட்கார்ந்து எழுதினார். ஆங்கிலமும் அவர்களுடைய குமாஜ் மொழியும் கலந்த பாட்டு. மேடையில் நின்றது யோத்து யிந்தி. அதன் பெயரில்தான் பாட்டு இன்றும் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வது, பாட்டுப் போட்டால் உடனே நியாயம் கிடைத்துவிடும் என்று நம்பவைக்க அல்ல. மிட்நைட் ஆயில் 2020-இல் பல பூர்வகுடிக் கலைஞர்களோடு சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டது. தங்களுக்கு வந்த பங்கை, பூர்வகுடிகள் 2017-இல் உளுரு என்ற இடத்தில் வெளியிட்ட அறிக்கையை மக்களிடம் கொண்டுபோகும் வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கை கேட்டது, நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு பூர்வகுடி அவை. 2023 அக்டோபர் 14-இல் அதற்காகப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யோத்து யிந்தி பாடிய ஒப்பந்தமும் தேசிய அளவில் இன்னும் கையெழுத்தாகவில்லை. பாட்டு தோற்கும். தோற்ற பிறகும் அந்த மக்களோடு நிற்க முடியுமா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடம்பு கெட்ட தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடினார்கள். 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு அந்தப் பிரச்சினையை உலகம் முழுக்கப் பேச வைத்தது. அடுத்த வருஷம் 591 தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. போராட்டம் அவர்களுடையது, என்ன வேண்டும் என்ற பட்டியலும் அவர்களுடையது. பாட்டு அதற்குத் தோள் கொடுத்தது.

பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-இல் தேசிய விருது அறிவித்தார்கள். உடனே, முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கா என்று ஒரு குரல் எழுந்தது. அதற்கு முந்தின வருஷம் 'எஞ்சாய் எஞ்சாமி' ஊரையே ஆட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. அப்புறம் ஒரு இசைப் பத்திரிகை அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. எழுதிப் பாடிய, பெயர் தெரிந்த கலைஞனுக்கே இந்தக் கதி என்றால், எங்கள் பெரியம்மா போன்றவர்களை "பாரம்பரியம்" என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவது எவ்வளவு சுலபம்! பாரம்பரியப் பாட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டாவது அடிக்கு ஆள் இருக்கிறார். பெயர் இருக்கிறது. பாட்டியின் பெயர், பெரியம்மாவின் பெயர், ஊரின் பெயர், மூன்றும் வர வேண்டும். பணத்திலும் அப்படித்தான். சால்வை வேண்டாம். மேடையில் எத்தனை பேர் நிற்கிறார்களோ அத்தனை சம பங்கு. பாட்டு இணையத்தில் சம்பாதித்தால் அதிலும். பத்திரத்தைத் தமிழில் எழுதுங்கள், பாடுகிறவர்கள் முன்னால் வாசித்துக் காட்டுங்கள்.

சரி, எதைப் பற்றிப் பாடுவது என்று கேட்பீர்கள். அதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் பதில். ஆனாலும் மேலே போகும் முன் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் என்று எங்களுக்குள் ஒரு கதை உண்டு. பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளிகள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். அப்புறம் எஸ்டேட்டுகள் வந்தன. சாமையும் கேழ்வரகும் விளைந்த பக்கமெல்லாம் காபியும் சில்வர் ஓக்கும் நின்றன, எங்கள் ஆட்கள் அதில் கூலிக்குப் போனார்கள். பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு லாரி லாரியாக இறக்கிய வருஷங்களும் உண்டு. தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய சட்டமன்றத் தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். 2006 வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்கிற குடும்பத்துக்கு உழுகிற நிலத்தின் மேலும், ஊருக்குச் சிறு வன மகசூல் மேலும் உரிமை உண்டு என்கிறது. அந்தச் சட்டம் இருந்திருந்தால் பாட்டியின் அருவாள் போயிருக்காது. பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதனால் அந்தப் பட்டியலில் இல்லாத ஈரோடு மாவட்டத்தில், பர்கூர் மலையில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் அதே சாமியைக் கும்பிட்டும், அதே பாட்டைப் பாடியும், சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள்.

அப்புறம் வாச்சாத்தி. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். அங்கே இருப்பவர்களும் மலையாளிகள்தான். 1992 ஜூன் 20, சந்தன மரம் தேடுகிறோம் என்று வந்தவர்கள் ஊரையே அடித்து நொறுக்கினார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் மேல் வழக்கு. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம். அந்தப் பெண்கள் ஒவ்வொரு கோர்ட்டிலும் எழுந்து நின்று சொன்னார்கள். இதைக் கேட்டதும் உங்களுக்குப் பாட்டு எழுதத் தோன்றும், எனக்குத் தெரியும். தயவுசெய்து அவர்களைக் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதீர்கள். கனடாவில் கோர்ட் டவுனி என்ற ராக் பாடகர், 1966-இல், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த விடுதிப் பள்ளி ஒன்றிலிருந்து தப்பித்து, வீட்டுக்குப் போகும் ரயில் பாதையில் செத்துக் கிடந்த சானி வென்ஜாக் என்ற பன்னிரண்டு வயசுப் பையனைப் பற்றி ஒரு ஆல்பமே செய்தார். அந்தப் பையனின் குடும்பத்தைத் தேடிப் போனார். அதன் பேரில் உண்டான அறக்கட்டளையில் இரண்டு குடும்பத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. புற்றுநோயோடு, சாகும் தறுவாயில் இருந்தபோதும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போனார். அவருக்கே நேரம் இருந்தது, நமக்கு இல்லாமல் போகுமா?

இனி என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம். க்ளிக்கை அணைத்துவிடுங்கள். டிரம்ஸ்காரர் பெரியம்மாவின் வாயைப் பார்த்து வாசிக்கட்டும், முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், இரண்டாவது வாரம் பழகிவிடும். சுருதியை அவர் எடுப்பார், நீங்கள் கம்பியைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மானிட்டரில் முதல் இரண்டு பாடுகிறவர்களுக்கு. ஆளுக்கொரு மைக், மேளத்துக்குத் தனி மைக் இரண்டு. என்னிடம் இருக்கிறது, வாடகை வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் வைக்கோல் கொளுத்த இடம் வேண்டும், தீயணைப்பு வாளியோடு. மண்டபக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். அறிமுகத்தை ஊர்ப் பெண்களில் ஒருவரே செய்வார்.

முதல் தடவை மலைக்கு வரும்போது கிடாரைக் கொண்டுவர வேண்டாம். போனையும் பையிலேயே வைத்துவிடுங்கள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா. சுற்றியுள்ள மலைகளிலிருந்தெல்லாம் எங்கள் சனம் அந்தக் குகைக் கோயிலுக்கு வரும். ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு முன்னால் ஊருக்கு வருவதானாலும் சரி. ஊர்க் கவுண்டரைப் பார்த்து விஷயத்தைச் சொல்ல வேண்டும், பெண்கள் கூடிப் பேச ஒரு ராத்திரி வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் காபி குடித்துவிட்டு இறங்கி வரத்தான் வேண்டும்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "அருவா வருமா?" என்றார். வரும் என்றேன். "அப்படின்னா புள்ளைங்கள வரச் சொல்லு. இன்னும் ரெண்டு அடி இருக்கு, அதையும் சொல்லித் தரேன்."

வேன் என்னுடையது. வர நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நில்லுங்கள். மேலே குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மைக் செட் அண்ணன்